அட்சரேகையில் ஒரு சம்பந்தம்

ஊரில் எல்லோரும் அவரை ரேகைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் சிலர் அந்தப் பெயரை நம்பி அவர் முன்னால் உள்ளங்கையை நீட்டியதும் உண்டு. அவர் அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, "கையில இல்லீங்க, காலடியில பாருங்க" என்பார்.

காலடியில் ஒரு பித்தளைப் பட்டை ஓடும். இரண்டு விரல் அகலம். நகராட்சிப் பூங்காவின் மேற்கு வாசலில் தொடங்கி, கல் தளத்தின் நடுவாகப் போய், கிழக்குச் சுவரில் முட்டி நிற்கும். பூமியைச் சுற்றிவரும் அட்சரேகை ஒன்று அந்த வழியாகப் போகிறது என்று எவரோ அளந்து சொல்லியிருந்தார்கள். ஊரில் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் நகராட்சி அதைப் பிடித்துக்கொண்டது. பட்டை பதித்து, பக்கத்தில் ஒரு தூண் நட்டு, காவலுக்கு இவரையும் போட்டது. காலையில் பட்டையைப் பளபளவென்று துடைக்க வேண்டும். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கால் வடக்கிலும் ஒரு கால் தெற்கிலும் வைத்துப் பல்லைக் காட்டும்போது படம் எடுத்துத் தர வேண்டும். கேட்டால் விளக்கமும் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"இந்தக் கோட்ட விடாம கிழக்க பாத்து நடந்தீங்கன்னா மலை வரும், காடு வரும், கடல் வரும். அப்புறம் பசிபிக். அது முடியவே முடியாதுங்க, மொத்தச் சுத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல அந்தத் தண்ணிதான். தாண்டினா ஒல்லியா ஒரு நிலம், சட்டுனு கடந்துடலாம். பிறகு தீவுத் தீவா ஒரு கடல், அட்லாண்டிக், சகாராவோட தெக்கு ஓரம். சகாரால வழி கேக்க ஆள் இருக்காது, தண்ணி எடுத்துக்குங்க. செங்கடல், இன்னொரு பாலைவனம், இன்னொரு கடல். எல்லாம் முடிச்சு மேற்கு வாசல் வழியா உள்ள வருவீங்க. வரும்போது கேட்டைச் சாத்திட்டு வாங்க, ஆடு பூந்துடுது."

இப்படித் தினமும் பூமியை நாலைந்து சுற்றுச் சுற்றி வந்த மனிதர், பஸ்ஸில் ஏறினால் அடுத்த ஊர் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். மாமனார் வீட்டுக்கே வருஷத்துக்கு ஒரு தடவைதான் போனார், அதுவும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு.

நகராட்சி கொடுத்த வீடு பூங்காவின் கிழக்குச் சுவரை ஒட்டினாற்போல் பின்னால் இருந்தது. சுவர் வந்ததும் பித்தளை நின்றுவிட்டது, ஆனால் ரேகை நிற்குமா? அவரே ஒரு டப்பா சிவப்பு பெயின்ட் வாங்கிவந்து கூடத்தின் தரையில் கோட்டை நீட்டிவிட்டார். அடுப்படி தெற்கே, அவர் படுக்கிற கட்டில் வடக்கே. மனைவி தரை துடைக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக உரியும், அவர் மறுபடி தீட்டுவார். "உலகத்தையே சுத்தற கோடு, அழுக்காகறது மட்டும் என் வீட்டுல" என்று அந்த அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொல்வாள்.

இதோடு நின்றிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ரேகைக்காரருக்கு அந்தக் கோடு வெறும் கோடு அல்ல, ஒரு வகைச் சொந்தம். ஒரே அட்சரேகையில் குடியிருப்பவர்களுக்குப் பகல் ஒரே அளவு, இரவு ஒரே அளவு. ஒரே நட்சத்திரங்கள்தான் அவர்கள் எல்லோருடைய உச்சந்தலைக்கு மேலும் போகின்றன. இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்? ஆகவே மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளை இந்த ரேகையில்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மனைவி முதலில் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். நல்ல குடும்பம், நல்ல பையன் என்று வந்த ஓர் இடத்தை, சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் அந்த ஊர் ஒரு விரல் அளவு மேலே இருக்கிறது என்று அவர் திருப்பி அனுப்பியபோதுதான் சிரிப்பை நிறுத்தினாள்.

மகள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அங்கே லிஃப்ட் பழுது பார்க்க வந்துபோன ஒரு மெக்கானிக்கை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நல்லவன், அதிர்ந்து பேசாதவன். ஒரே ஒரு குறை, அவன் குடும்பம் பூமிப் பந்தின் உச்சிக்குப் பக்கத்தில், வடக்கே வெகு தூரத்தில் குடியேறியிருந்தது. கல்யாணம் ஆனதும் இருவரும் அங்கே போய்விடுவதாக ஏற்பாடு. மகள் அடுப்படியில் நின்று அழுதாள். "அப்பாகிட்ட யாரும்மா சொல்றது?"

"நீ போய் மூஞ்சியக் கழுவு. நான் பேசிக்கறேன்" என்றாள் தாய்.

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை பொறுத்திருந்து பேச்சை எடுத்தாள். "பையன் ஊரு உங்க ரேகையிலதான் இருக்காம்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்க?"

"பசிபிக்ல. தீவு."

"பேரு?"

அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. "பேரு ரொம்ப நீளங்க. மாப்பிள்ளைக்கே சரியா வாயில வரல" என்று ஒரு போடு போட்டாள்.

அன்று மாலை முழுக்க அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படத்தில் பசிபிக்கைத் துழாவினார். தண்ணீர்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் ரேகையின் மேலேயே ஒரு புள்ளி. நேற்று வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்தப் புள்ளி, மனைவி காஸ் சிலிண்டர் வந்த தேதியைக் காலண்டரில் குறிக்கிற பேனாவின் நீல நிறத்தில் இருந்தது அவர் கண்ணில் படவில்லை. படக் கூடாது என்று கண் முடிவு செய்துவிட்டால் எது படும்?

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையைப் பட்டையின் மேல் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவனுக்கு வியர்த்து வழிந்தது. "உங்க ஊர்ல இது மாதிரி பட்டை பதிச்சிருக்காங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார் ரேகைக்காரர்.

"இல்ல மாமா... அங்க அது கடல்லயே போயிடுது."

"அதுவும் சரிதான், தண்ணியில எங்க பதிக்கறது" என்று அவரே பதிலும் சொல்லி அவனைக் காப்பாற்றினார்.

மகளை வழியனுப்பிவிட்டு வந்த அன்றே விளக்கத்தில் ஒரு வரி கூடிவிட்டது. "பசிபிக் நடுவுல பொட்டு மாதிரி ஒரு தீவு. என் பொண்ண அங்கதான் குடுத்திருக்கேன்." கேட்டவர்கள் கை தட்டினார்கள். பூங்காக் கண்காணிப்பாளர், ஜூஸ் கடைக்காரர், பேப்பர் போடுகிறவர் என்று ஊரில் ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

பிறகு மகளின் முதல் போன் வந்தது. மனைவி குளித்துக்கொண்டிருந்ததால் அவர்தான் எடுத்தார். அப்போது கோடைக்காலம். மகள் உற்சாகத்தில் வாயை விட்டுவிட்டாள். "அப்பா, இங்க ராத்திரி பத்து மணி. இன்னும் பளீர்னு வெயில் அடிக்குதுப்பா! திரையை இழுத்து விட்டாத்தான் தூக்கமே வருது."

ஈரத் தலையோடு ஓடிவந்த மனைவி போனைப் பிடுங்கினாள். "லைன் சரியில்லைங்க, என்னமோ கொரகொரங்குது" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் கொல்லைப்புறம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய ரேகையில் எந்த மாதமானாலும் ஏழு மணிக்கு விளக்குப் போட்டாக வேண்டும். பத்து மணிக்கு வெயில் அடிக்கிற ஊர் எங்கே இருக்கும் என்பதை அவரே பூங்காவில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறார். எழுந்து கூடத்துக்கு வந்து, விரலை எச்சில் தொட்டு அந்தப் புள்ளியைத் தேய்த்தார். தீவு விரலோடு வந்துவிட்டது.

முதலில் கோபம் வந்தது. கோபம் ஆறியதும் வந்ததுதான் அவரை நிஜமாக வருத்தியது. இத்தனை வருஷத்தில் மகளை ஒரு அடி அடித்ததில்லை, அதட்டிக்கூடப் பேசியதில்லை. அப்படிப்பட்டவரிடம் உண்மையைச் சொல்ல அவள் பயந்து நடுங்கியிருக்கிறாள், ஒரு கோட்டுக்காக. மனசு தாங்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அப்போதே அடுப்படிக் கதவைத் தட்டி, "எனக்குத் தெரிஞ்சு போச்சு, பரவாயில்ல" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஊர் முழுக்கத் தீவைப் பற்றித் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. பெண்டாட்டியும் பெண்ணும் சேர்ந்து ரேகைக்காரருக்கே ரேகையில் காது குத்திவிட்டார்கள் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு பூங்காவுக்குள் நுழைவது?

காலண்டர் ஆணியில் தொங்கிய பேனாவை எடுத்தார். இருந்த இடத்திலேயே புள்ளியைத் திருப்பி வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நாடகம் என்றால் நாடகக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மகள் போனை எடுத்ததும் கேட்காமலே, "அப்பா, இங்க ஆறரைக்கே இருட்டிடுச்சு" என்பாள். "இருட்டத்தானே செய்யும், நம்ம ரேகையாச்சே" என்பார் இவர். அட்சரேகையைக் கண்டாலே எரிந்து விழுந்த மனைவி, மகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டி அதை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தாள். அவள் தப்பாகப் படித்துவிடப் போகிறாளே என்று இவருக்குக் கவலை. அவள் காதில் விழும்படி சுவரைப் பார்த்து, "டிசம்பர் வந்தாச்சு, இனிமே கொஞ்சம் சீக்கிரமே பொழுது சாஞ்சிடும்" என்பார். அடுத்த போனில் மகளின் தீவிலும் பொழுது சீக்கிரம் சாய்ந்திருக்கும். தன்னை ஏமாற்றுகிறவர்களுக்குத் தானே எடுத்துக் கொடுக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

பேத்தி பிறந்தாள். படங்கள் வந்தன. மனைவி முதலில் பார்த்து, ஓரத்தையெல்லாம் வெட்டி, பிறகுதான் போனை அவர் கையில் கொடுப்பாள். சில நேரம் வெட்டத் தவறிவிடும்.

"குழந்தையச் சுத்தி வெள்ளையா என்னது?"

"அதுவா? உப்பளங்க. கடலோரம் பாருங்க."

"உப்புல எதுக்கு விளையாட விடறாங்க?"

"தீவுல வேற என்ன கிடைக்கும்?"

"காதெல்லாம் மூடி இவ்வளவு பெரிய தொப்பி?"

"காத்து. கடல் காத்து பொல்லாதுங்க."

அவர் படத்தைப் பெரிதாக்கி, பேத்தியின் சிவந்த மூக்கை மட்டும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மகள் அனுப்பிய பார்சல் ஒன்றின் தபால் முத்திரையில் ஊர்ப் பெயர் இருந்தது. மனைவி பார்சலைப் பிரித்து உறையைக் கிழித்துப் போடுவதற்குள் அவர் படித்துவிட்டார். அன்று முதல் வாசகசாலையில் பேப்பரை வாங்கியதும் தலைப்புச் செய்தியைப் பார்க்காமல், உலக நகரங்களின் தட்பவெப்பம் போடுகிற மூலைக்குத்தான் போவார். மகள் ஊரில் இன்று எத்தனை டிகிரி என்று தெரிந்த பிறகுதான் பட்டையைத் துடைக்க உட்காருவார்.

இதில் ஒரு சங்கடம் மட்டும் நாளாக ஆகப் பெரிதாகிக்கொண்டே போயிற்று. அவர் மகளைப் பார்க்கவே இல்லை. அவர்கள் இங்கே வரப் பயந்தார்கள், குழந்தை வாய் தவறிப் பனி என்று சொல்லிவிடும். இவரை அங்கே அழைக்கவும் பயந்தார்கள். "ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்று இவர் மெல்ல ஆரம்பித்தால், "பக்கத்து ஊர் பஸ்ஸுக்கே பை கேக்கறவரு பசிபிக்கத் தாண்டப் போறாராம்" என்று மனைவி வாயை அடைத்துவிடுவாள். மகளும், "உங்க உடம்புக்கு இதெல்லாம் ஒத்துக்காதுப்பா" என்பாள். எனக்குத் தெரியும் என்று இரண்டே வார்த்தை சொல்ல வேண்டியதுதான். அது தொண்டைவரை வரும், பூங்காவும் ஊரும் ஞாபகம் வரும், திரும்ப இறங்கிவிடும். பேத்தி பேசக் கற்றுக்கொண்டு, "தாத்தா, நீ எப்ப வருவே?" என்று கேட்கத் தொடங்கினாள். "அடுத்த மாசம் வரேண்டா கண்ணு" என்று ஒவ்வொரு மாதமும் சொன்னார்.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. மகள் இரண்டாவது முறை கர்ப்பமானாள். இந்தத் தடவை உடம்பு சரியில்லை, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அம்மா, நீ வந்தே ஆகணும்" என்று அழுதாள். அம்மாவுக்கு மட்டும் டிக்கெட் வந்தது. அங்கே அப்போது நட்ட நடுக் குளிர்காலம்.

மனைவி கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்து அடுக்கத் தொடங்கினாள். அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். மெல்லிய பருத்தித் துணிகள் போயின. ஒரு துண்டு போயிற்று. அவர் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, சுவரில் சொருகியிருந்த பனையோலை விசிறியையும் எடுத்து உள்ளே வைத்தாள்.

"விசிறி எதுக்கு?"

"தீவாச்சே. புழுங்காதா?"

காலையில்தான் பேப்பரில் பார்த்திருந்தார். மகள் ஊரில் இருபது டிகிரி, அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. மழை நாளில் ஈரத் துணியைப் பிழிந்தாலே மூச்சு இரைக்கிறவள் அவர் மனைவி. மகள் விமான நிலையத்துக்குக் கம்பளிக் கோட்டு கொண்டுவருவாள் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். மகள்தான் படுக்கையில் கிடக்கிறாளே. மாப்பிள்ளைக்கு ஞாபகம் இருக்குமா? கோட்டு வருவதற்குள் இவளுக்கு இழுப்பு வந்துவிட்டால்? அவர் கண்ணெதிரிலேயே, அவருக்காகவே, விசிறியை எடுத்துக்கொண்டு பனிக்குள் போகத் தயாராகிக்கொண்டிருந்தாள் அந்தப் பைத்தியக்காரி. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்த ரேகையில் யாரும் ஸ்வெட்டர் விற்பதில்லை. கடைத்தெரு முழுக்க அலைந்து, கடைசியில் வெளிநாட்டுப் பழைய துணிகளைக் குவித்து விற்கிற ஒருவரிடம் வந்து சேர்ந்தார். குவியலுக்குள் தோள்வரை கையை விட்டு, தடியாக இரண்டு ஸ்வெட்டரை இழுத்து எடுத்தார்.

கடைக்காரர் வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். "என்னண்ணே, சினிமா கினிமா எடுக்கறாங்களா?"

"என் பொண்ணு ஊர்ல குளிரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இனி மென்று விழுங்கிப் பயனில்லை. ஆறு வருஷமாகத் தொண்டையில் நின்றதை, சம்பந்தமே இல்லாத ஒரு பழைய துணிக்காரரிடம் கக்கினார். "தீவெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. அவ ரேகையிலயே இல்ல. ரொம்ப மேல, வடக்க இருக்கா."

கடைக்காரர் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே, "அது தெரியுமேண்ணே" என்றார்.

"யாருக்கு?"

"ஊருக்கே தெரியும். கல்யாணத்தன்னிக்கே மாப்பிள்ளை ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுச் சொன்னாரே, மாமா மனசு நோகக் கூடாது, யாரும் உளறிடாதீங்கன்னு. நீங்க பூங்காவுல தீவுன்னு சொல்றப்பல்லாம் நாங்க தலையாட்டலையா? கண்காணிப்பாளர் ஒரு தடவ சிரிச்சுட்டாரு, அவருக்குக் கூட நாங்க சொல்லிப் புரிய வச்சோம்."

ரேகைக்காரர் அந்தத் துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எந்த மானத்தைக் காப்பாற்ற மகளைப் பார்க்காமல் இருந்தாரோ, அது கல்யாணத்தன்றே போய்விட்டிருந்தது. போனதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஊரே சேர்ந்து அவரைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறது. கோபப்படுவதற்கு அவருக்கு ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விசிறியை வெளியே எடுத்துப் போட்டார். அந்த இடத்தில் இரண்டு ஸ்வெட்டரையும் வைத்தார்.

மனைவி அவர் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "எ... எதுக்குங்க இது?"

"மைனஸ் இருபது. இன்னிக்குப் பேப்பர்ல போட்டிருக்கான்."

அவள் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். "எப்ப தெரியும்?"

"பத்து மணிக்கு வெயில் அடிச்சுதே, அன்னிக்கே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். "உப்பளம்னு சொன்னேனே, அப்பவாவது வாயத் தொறந்திருக்கக் கூடாதா? நான் வேண்டாத தெய்வம் இல்ல."

"நல்லாத்தான் சொன்னே. மேல கேக்க மனசு வரல."

"ரெண்டு எதுக்கு வாங்கினீங்க?"

"ஒண்ணு எனக்கு. நாளைக்கு லீவு சொல்லிட்டு டிக்கெட்டுக்குச் சொல்றேன். வாந்தி வந்தா வரட்டும்."

மனைவி உடனே மகளுக்குப் போன் போட்டாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, சத்தத்தைக் கூட்டி, போனை அவர் மடியில் வைத்தாள்.

"அப்பா... ஆறு வருஷமாவா தெரியும்?"

"ஆமாம்மா."

"நீங்க வந்தா தெரிஞ்சிடுமேன்னுதான்பா நான் உங்களக் கூப்பிடவே இல்ல. ஒவ்வொரு தடவையும் போனை வச்சுட்டு அழுவேன். உங்களுக்குத்தான் தெரியுமே, அப்புறம் ஏம்பா வரல?"

"நீங்க ரெண்டு பேரும் மாட்டிக்க வேணாமேன்னு..."

"எங்களுக்காகவாப்பா?"

ஆயிரம் பேருக்குப் பூமியைச் சுற்றிக் காட்டிய வாய்க்கு இந்த ஒரு கேள்விக்குச் சப்பைக்கட்டு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் சொல்ல இஷ்டமில்லை. "இல்லம்மா" என்றார். "எனக்காகத்தான். ஊர் சிரிக்குமேன்னு."

மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது. அந்தப் பக்கம் போன் கை மாறியது. பேத்தியின் மூச்சு ரொம்பக் கிட்டத்தில் வந்து நின்றது.

"கண்ணு, தாத்தா வரேண்டா. பாட்டியோட வரேன். ஸ்வெட்டர்கூட வாங்கியாச்சு."

குழந்தை போனைக் கீழே வைக்காமலே தாயிடம் திரும்பி, ரொம்பப் பழகிப்போன ஒரு விஷயத்தைச் சொல்வது மாதிரி, கோபமே இல்லாமல் சொன்னது: "அம்மா, தாத்தா மறுபடியும் பொய் சொல்றாரு."

மகள் அதை மறுக்கவில்லை. மனைவி பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேகைக்காரர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இல்லடா கண்ணு, இல்லடா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.